கனமான வழக்கில் ஜூரியாக இருப்பது: எதையெல்லாம் தெரிந்துகொண்டு போக வேண்டும்?

வதனி:
இங்கிலாந்தில் ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் 12 பொதுமக்கள் குழு) அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது, அடுத்த மாதம் பாரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டுக்குப் போக வேண்டும். கொலை, பாலியல் வன்முறை மாதிரி வழக்குக் கிடைத்தால் இத்தனை சாட்சியத்தையும் எப்படி நினைவில் வைத்திருப்பது? 12 பேரும் ஒத்துவராவிட்டால் என்ன நடக்கும்? வீட்டில் எவ்வளவு கதைக்கலாம்?

குமரன்:
சத்தியப்பிரமாணம் எடுத்தபிறகு வழக்கைப் பற்றி இங்கே ஒரு வரிகூட எழுத வேண்டாம். வழக்கையோ அதில் வரும் ஆட்களையோ இணையத்தில் தேடுவதும் குற்றம். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 வருடம் வரை சிறை. சம்பவம் நடந்த தெருவை வரைபடத்தில் பார்ப்பதையும் தவிருங்கள். நீங்கள் தேடி எடுத்ததை இரு தரப்பும் கேள்வி கேட்டுச் சோதிக்க வழியில்லை.

குறிப்பு எடுக்கலாம், ஆனால் வெளியே கொண்டுபோக முடியாது. சொல்வதையெல்லாம் எழுதினால் சாட்சியைக் கவனிக்க முடியாமல் போகும். ஒரு சாட்சிக்கு ஒரு பக்கம் போதும்: யார், எங்கே நின்று பார்த்தார், தூரம், வெளிச்சம், நேரம். குறுக்கு விசாரணையில் மாறியதை ஓரத்தில் குறியுங்கள். விளங்காதது இருந்தால் சாட்சி கூண்டில் நிற்கும்போதே கேள்வியை எழுதி நீதிபதிக்குக் கொடுத்துவிடுங்கள். ஜூரிகள் தனியாகக் கூடி முடிவெடுக்கும் தீர்ப்பு அறைக்குப் போனபிறகு புதுச் சான்று வராது. ஏற்கெனவே சொன்னதை நீதிபதி நினைவுபடுத்தலாம், அவ்வளவுதான்.

சாந்தினி:
வதனி, உள்ளே போனதும் வாக்கெடுப்பு வைக்க விடாதீர்கள். கை தூக்கியவர்கள் பிறகு அந்த முடிவைக் காப்பாற்றத்தான் பேசுவார்கள். கடினமான வழக்குகளில் நீதிபதி எழுத்தில் கேள்விகளை வரிசையாகத் தருவது வழக்கம். கொலை என்றால், தாக்கியது அவர்தானா, தற்காப்புக்காகவா, கொல்லவோ கடுமையாகக் காயப்படுத்தவோ எண்ணினாரா என்று போகும். ஒரு கேள்வியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். "செய்திருப்பார்போல" என்பது போதாது, நிச்சயமாகத் தெரிய வேண்டும். அதை நிறுவுவது அரச தரப்பின் வேலை. படங்கள் எவ்வளவு கொடூரமாக இருந்தாலும், யார் செய்தார் என்பதற்கு அந்தக் கொடூரம் சான்றாகாது. மனம் கொதித்திருக்கும்போது இதுதான் கைநழுவும்.

முதலில் ஏகமனதான முடிவைத்தான் கேட்பார்கள். குறைந்தது 2 மணி 10 நிமிடம் போனபிறகே பெரும்பான்மை முடிவை ஏற்கலாம். பாரிய வழக்குகளில் நீதிபதிகள் இன்னும் அதிகம் காத்திருப்பார்கள். 12 பேரில் 10 பேர் போதும். ஆட்கள் விலகி 11 ஆனால் 10, 10 ஆனால் 9. ஒன்பதே பேர் மிஞ்சினால் எல்லோரும் ஒத்துவர வேண்டும். நீதிபதிக்கு அனுப்பும் குறிப்பில் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று எழுதக் கூடாது. எதற்கும் வழியில்லையென்றால் ஜூரியைக் கலைத்துவிடுவார்கள். மறுவிசாரணை கேட்பதா என்பதை அரச தரப்பு முடிவு செய்யும்.

ரவி:
வீட்டில் என்ன நேரத்துக்கு வருவேன் என்பதைச் சொல்லுங்கள், வழக்கைச் சொல்லாதீர்கள். மற்ற ஜூரிகளோடும், எல்லோரும் ஒன்றாக இருக்கும்போது மட்டும் கதையுங்கள். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேர் தனியாகப் பேசி முடிவெடுத்தால் மற்றவர்கள் அந்த வாதத்தைக் கேட்காமலே போய்விடுவார்கள்.

படங்களைப் பார்க்கத் தாங்கவில்லையென்றால் ஒரு குறிப்பு எழுதி இடைவேளை கேட்கலாம், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. வழக்கு முடிந்தபிறகு பகிரங்க மன்றத்தில் கேட்டதைப் பற்றியும், அது உங்களை என்ன செய்தது என்பதைப் பற்றியும் குடும்ப வைத்தியரிடமோ உளவள ஆலோசகரிடமோ பேசலாம். தீர்ப்பு அறைக்குள் யார் என்ன சொன்னார், எப்படி வாக்களித்தார் என்பது மட்டும் ஒருபோதும் வெளியே வரக் கூடாது.

வதனி:
ஒரு ஜூரி உள்ளே முறைகேடாக நடந்தால்? கைபேசியில் தேடிவிட்டு வந்து சொன்னால்?

குமரன்:
உடனே நீதிபதிக்கு எழுதுங்கள். தீர்ப்புக்கு முன்னால் தெரிந்தால், அந்த ஒருவரை மட்டும் நீக்கி வழக்கைத் தொடர நீதிபதிக்கு வழி இருக்கிறது. தீர்ப்பு வந்தபிறகு திருத்துவது மிகக் கடினம்.