காரை பயணம்: அம்மோனைட் அச்சு வார்ப்பதில் உதவி தேவை

பெரம்பலூர் மாவட்டம் காரை ஓடைகளைக் காட்டப் பள்ளிப் பிள்ளைகள் 40 பேரை அழைத்துப் போகிறோம். சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல்தரை அது. அங்கே கிடக்கும் புதைபடிவங்களைப் பார்க்கலாம், அளக்கலாம், ஸ்கேல் வைத்துப் படம் எடுக்கலாம். பையில் போடக் கூடாது. இடம் மாறினால் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்ற விவரமே போய்விடும். பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பவும் மனசில்லை. அம்மோனைட் என்ற, அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிரின் பிளாஸ்டர் வார்ப்பை ஆளுக்கொன்று தர நினைக்கிறோம்.

சிக்கல் அதில்தான். சிலிக்கான் ரப்பர் அச்சில், 100 மில்லி தண்ணீருக்கு 150 கிராம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்து ஊற்றினால், நடுச்சுழியிலும் வரிகளின் இடுக்கிலும் குண்டூசித் தலை அளவில் காற்றுக்குமிழி நிற்கிறது. தண்ணீரைக் கூட்டினால் குமிழி குறைகிறது, ஆனால் காய்ந்தபின் வரி நகம் பட்டாலே உதிர்கிறது. பிரஷ்ஷால் முதலில் மெல்லிய பூச்சு கொடுத்துவிட்டு ஊற்றினால் நன்றாக வருகிறது. 40 வார்க்க அது கட்டுப்படியாகாது.

டென்டல் ஸ்டோனில் (பல் மாதிரி வார்க்கும், பிளாஸ்டரைவிட உறுதியான பொடி) வார்த்தவர்கள் சொல்லுங்கள்: 100 கிராமுக்கு 30 மில்லி தண்ணீர் என்றால் கெட்டியாக இருக்குமே, சுழிக்குள் இறங்குமா? அச்சில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி விலகுமா, மேற்பரப்பு மாவாகிவிடுமா?

கூட வர நாலு பேரும் வேண்டும். பெலெம்னைட்டையும் (கணவாய் போன்ற பழைய கடலுயிரின் தோட்டா வடிவப் புதைபடிவம்) ஜிப்சம் என்ற மென்மையான கனிமத்தையும் பிரித்துக் காட்டத் தெரிந்தால் போதும்: உடைந்த பெலெம்னைட்டில் நடுவிலிருந்து கதிர்கதிராகக் கோடு ஓடும், ஜிப்சம் நகத்தால் கீறினாலே கோடு விழும். அங்கே நிழல் கிடையாது, தொப்பியும் மூன்று லிட்டர் தண்ணீரும் அவசியம்.