தேடியதற்குக் கூலி இல்லை

*காட்பாடி வீடு (குடும்பக் குழு)*

ஆரணி சித்தப்பா: கயல், எங்கே இருக்கிறாய்? நேற்று மாலையிலிருந்து தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வருகிறது.

கயல்: போளூர் வந்துவிட்டேன் சித்தப்பா. மலையில் சிக்னல் இல்லை. நன்றாக இருக்கிறேன்.

அத்தை: அப்பாடா! நீ கன்னியாகுமரியிலிருந்து சைக்கிளில் கிளம்பியதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. சாப்பிட்டாயா கண்ணு?

கயல்: சாப்பிட்டேன் அத்தை. நேற்று ஆலங்காயத்துக்குச் சற்று முன்னால் பின்சக்கரம் மறுபடியும் இறங்கிவிட்டது. சேலத்திலிருந்தே ஒட்டுவதும் இறங்குவதுமாகத்தான் வந்தேன். ஆலங்காயத்தில் சைக்கிள் கடைப் பெரியவர் ஒருவர் டியூபை ஒட்டினார், ஆனால் உடனே மாட்டவில்லை. ஓட்டை விழுந்த இடத்தை டயரோடு வைத்துப் பார்த்தார். உட்புறத்தில் பழைய துணியை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் துணி சிக்கியது. தலைமுடி கனத்தில் ஒரு கம்பி! லாரி டயர் வெடித்தால் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் சிதறிக் கிடக்குமே, அந்த எஃகுக் கம்பி. குறட்டால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

தாத்தா: தொழில் தெரிந்த கை.

கயல்: ஒட்டுக்கு மட்டும்தான் காசு வாங்கினார் தாத்தா. இவ்வளவு நேரம் தேடினீர்களே என்றேன். "தேடியதற்கு ஏதம்மா கூலி? இருட்டுவதற்குள் மலை ஏறு" என்றார்.

ஆரணி சித்தப்பா: இரவு எங்கே தங்கினாய்? தனியாக வருகிற பெண், தெரியாத ஊர். எனக்கு அதுதான் கவலை.

கயல்: காவலூர் தாண்டும்போதே இருட்டிவிட்டது. அங்கே ஏன் வானாய்வகம் கட்டினார்கள் என்பது அந்த இருட்டைப் பார்த்தால் புரிகிறது. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அக்கா, "இந்நேரத்துக்கு ஜமுனாமரத்தூர் போகாதே" என்று வீட்டுக்கே அழைத்துப் போனார். சாமைச் சோறும் கீரைக் கடைசலும் போட்டார். படுக்கும்போது மாமியாரை ஒரு பக்கமும் மகளை மறுபக்கமும் படுக்கவைத்து, நடுவில் எனக்குப் பாய் விரித்தார். நீங்கள் படுகிற கவலையை அவரும் பட்டிருக்கிறார் சித்தப்பா. நான் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை.

அத்தை: மகராசி நன்றாக இருக்கட்டும்.

ஆரணி சித்தப்பா: படித்ததும் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாவுக்கு ஏதாவது பணம் அனுப்பலாமா?

கயல்: பணம் வேண்டாம். விருந்தாளியாக வைத்துக்கொண்டவரிடம் கணக்குத் தீர்ப்பது போல் ஆகிவிடும். மகள் எட்டாவது படிக்கிறாள், இரவெல்லாம் நட்சத்திரங்களைப் பற்றியே பேசினாள். தமிழில் நல்ல வானியல் புத்தகம் அனுப்பலாம். முகவரி வாங்கி வைத்திருக்கிறேன்.

தாத்தா: புத்தகம் என் பொறுப்பு. காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே செய்தது, 1986 முதல் இயங்குகிறது. அதைப் பற்றியும் சொல்லும் புத்தகமாகப் பார்க்கிறேன்.

அத்தை: நம் திண்ணைக்குக் கம்பிக் கதவு போட்ட பிறகு வழிப்போக்கர் யாரும் அதில் உட்காருவதில்லை. நாளையிலிருந்து பகலில் திறந்தே வைக்கப்போகிறேன். ஒரு பானைத் தண்ணீரும் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பும் வைக்கலாம். அப்பா, சரிதானே?

தாத்தா: தாராளமாக வை.

கயல்: மெல்லிய வால்வுக்கும் பொருந்துகிற பம்பாக வேண்டும் அத்தை. தொலைதூரம் ஓட்டுபவர்கள் பலரின் சைக்கிளில் அதுதான் இருக்கும்.

ஆரணி சித்தப்பா: பம்பை நான் வாங்குகிறேன். கயல், நான் கண்ணமங்கலம் வந்து நிற்கிறேன். வால்வைக் காட்டு, படம் எடுத்துக்கொள்கிறேன்.