டெண்டர் படகில் கரை இறங்கிய அனுபவம்: வயதானவர்களைக் கூட்டிப்போனவர்கள் பகிருங்கள்

சேலத்துப் பொண்ணு:

க்ரூஸ் போய்வந்தவர்கள் கேபின், பஃபே, நீச்சல்குளம் எல்லாம் எழுதுகிறார்கள். கப்பல் துறையில் கட்டாமல் கடலிலேயே நின்றுவிட, டெண்டர் என்கிற சின்னப் படகில் கரைக்குப் போய் வரவேண்டிய ஊர்களைப் பற்றித் தமிழில் அதிகம் படித்ததில்லை. முட்டி வலி உள்ள அம்மாவோடு கிரீஸின் சாண்டோரினித் தீவுக்குப் போய்வந்த பிறகு, இது தெரியாமல் யாரும் பெரியவர்களைக் கூட்டிப்போகக் கூடாது என்று தோன்றியது. அதனால் இந்த இழை.

சாண்டோரினி, எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில் கடல் புகுந்து உண்டான இடம். சில இடங்களில் ஆழம் 300 மீட்டருக்கு மேல். சாதாரணமாக நங்கூரம் போட்டு நிற்பதே அங்கே பாடு. கரையோ செங்குத்துப் பாறை. அதனால் பெரிய கப்பல்கள் எல்லாம் நடுவில் நிற்கின்றன. கப்பலின் சொந்தப் படகுகளை அங்கே இறக்குவதில்லை. உள்ளூர்ப் படகுக்காரர்கள் சங்கத்தின் படகுகள் வந்து ஏற்றிக்கொள்கின்றன.

காலையில் கப்பல் லவுஞ்சில் டெண்டர் டிக்கெட் கொடுத்தார்கள். நம்பர் கூப்பிட்டால்தான் கீழ்த்தளத்துக்குப் போக முடியும். கப்பல்காரர்களிடமே டூர் எடுத்தவர்களுக்கு முதல் படகு. அவர்கள் அதினியோஸ் என்ற துறையில் இறங்கி பஸ்ஸில் மலையேறிவிடுகிறார்கள். நாங்கள் தனியாகப் போனவர்கள், ஃபிரா ஊருக்கு நேர் கீழே இருக்கும் பழைய துறையில் இறங்கினோம். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் 200 மீட்டருக்கு மேல் பாறை, அதன் உச்சியில் வெள்ளை வெள்ளையாக ஊர்.

மேலே போக மூன்று வழி. ஒன்று, 588 படி ஏறுவது. வழவழப்பான கல், கழுதைச் சாணம், அதே படியில் எதிரே கூட்டமாக வரும் கழுதைகள். முட்டி நன்றாக இருப்பவர்களுக்கே யோசிக்க வேண்டிய வழி. இரண்டாவது, கழுதைச் சவாரி. 100 கிலோவுக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்று கிரேக்க அரசு 2018-ல் விதி போட்டது. அம்மா அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. "வாயில்லா ஜீவன் முதுகுல ஏறி நான் ஊர் பாக்கணுமா?" என்றார். மூன்றாவது, கேபிள் கார். ஒரு நடைக்கு ஆறு பெட்டி, பெட்டிக்கு ஆறு பேர், மூன்று நிமிடத்தில் மேலே. எங்களுக்கு அதுதான்.

காலையில் போனதில் சிரமம் இல்லை. சிரமம் எல்லாம் திரும்புவதில்தான். க்ரூஸ் பயணிகள் நாளுக்கு 8000 பேர் என்று அங்கே வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு நடைக்கு 36 பேர் இறங்கும் கேபிள் கார்தான் அவர்களில் பெரும்பாலானோருக்குக் கீழே வரும் வழி. எல்லாக் கப்பலுக்கும் புறப்படும் நேரம் சாயங்காலம். மத்தியானமே வரிசை நகைக்கடைச் சந்துகளுக்குள் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. அம்மாவால் நிற்க முடியவில்லை. ஒரு கடைக்கார அம்மாள் உள்ளே போய் ஒரு ஸ்டூலை எடுத்துவந்து போட்டார். வரிசை நாலடி நகர்ந்தால் ஸ்டூலும் நாலடி நகரும். அவர் கடை வாசல் தாண்டும்வரை அப்படியே வந்தோம். அந்த முகம் எனக்கு மறக்காது.

கீழே வந்தபோது காற்று ஏறிவிட்டிருந்தது. கோடையில் அங்கே வடக்குக் காற்று நாள்கணக்கில் வீசும். கப்பலின் பக்கவாசலுக்கும் படகுக்கும் இடையில் தளம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாலுமிகள் அம்மாவின் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "வெயிட், வெயிட்" என்று சொல்லிச் சொல்லி, சட்டென்று "நவ்" என்றார்கள். அம்மா கால் வைத்துவிட்டார். கை சிவந்திருந்தது, கால் நழுவவில்லை.

என் கணக்கு இதுதான்: கடைசி டெண்டர் எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள். அதிலிருந்து இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் ஊர் பாருங்கள். தீவின் இன்னொரு ஊரான ஓயாவுக்கும் போகணும், கடற்கரைக்கும் போகணும் என்றால் பெரியவர்களோடு முடியாது. ஃபிராவிலேயே ஒரு நல்ல இடத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்தாலே போதும். அம்மாவுக்கு அதுதான் பிடித்தது.

தீவான் (லண்டன்):

அக்கா, நல்ல இழை. நாங்கள் சவுதாம்ப்டனில இருந்து வெளிக்கிட்டு இங்கிலீஷ் கால்வாயில இருக்கிற கெர்ன்சித் தீவுக்குப் போன கதை சொல்லுறன்.

முதல்முறை இறங்கவே இல்லை. காலமை நல்ல வெயில், காத்தும் பெரிசா இல்லை. துறைமுகத்து வாசல்ல இருக்கிற கோட்டை கண்ணுக்கு முன்னால தெரியுது. கப்டன் ஒலிபெருக்கியில வந்து, இண்டைக்குப் படகு விடேலாது எண்டு சொல்லிப்போட்டார். சனம் கொதிச்சுப்போச்சு. "கடல் அமைதியாத்தானே கிடக்குது" எண்டு வரவேற்பு மேசையில ஒரே சண்டை. துறைமுகக் கட்டணம் மட்டும் எங்கட கபின் கணக்குக்குத் திரும்பி வந்தது. கரையில தனியாரிட்டை வாகனம் பேசி வைச்சிருந்த ஆக்களின்ர காசு போனது போனதுதான். கப்பல்காரரிட்டை டூர் எடுத்தவைக்கு அது முழுசாத் திரும்பக் கிடைச்சது.

அடுத்தமுறை அப்பாவும் வந்தவர். அப்பா யாழ்ப்பாணத்து நயினாதீவு. குறிகட்டுவானில வள்ளம் ஏறி இறங்கி வளர்ந்த மனிசன். படகு ஆடேக்கை மாலுமி கை நீட்ட முதலே தானாக் கால் வைக்கப் போட்டார். மாலுமி மறிச்சு, ரண்டு கையையும் பிடிச்சுத்தான் இறக்கினவர். அப்பாவுக்குக் கோவம் வந்திட்டுது. "எனக்குப் படகு பழக்கமில்லையோ?" எண்டு கேட்டார். பழக்கம் இருக்குது அப்பா, முழங்காலுக்கு இப்ப எழுபத்தைஞ்சு வயசு எண்டு நான் சொன்னன்.

அங்க கவனிக்க வேண்டியது கடலின்ர ஏற்ற வத்து, அதாவது தண்ணி மட்டம் ஏறி இறங்குறது. கெர்ன்சியில பெருக்குக்கும் வத்துக்கும் இடையில 8 மீட்டர் வரை வித்தியாசம் வரும், சில நாள் அதுக்கும் மேல. படகு கட்டுற மிதவை தண்ணியோட சேர்ந்து ஏறி இறங்கும். காலமை நாங்கள் இறங்கேக்கை மிதவையில இருந்து மேல போற பாலம் கிட்டத்தட்டத் தட்டையா இருந்தது. பின்னேரம் வந்து பாத்தால் அதே பாலம் கிடுகிடு எண்டு சரிஞ்சு நிக்குது. அப்பாவைப் பின்பக்கமாத் திருப்பி, ரண்டு கையாலயும் கம்பியைப் பிடிக்கவிட்டு, நான் கீழ நிண்டு ஒவ்வொரு அடியா இறக்கினனான். போகேக்கையே அண்டைய வத்து நேரத்தைப் பாத்து வையுங்கோ.

முத்துநகர் மாலுமி:

தூத்துக்குடிக்காரன். கப்பலில் டெக் பிரிவில் வேலை, டெண்டர் ஓட்டவும் செய்திருக்கிறேன். லண்டன் அண்ணன் கேட்ட "கடல் அமைதியாத்தானே இருக்கு" என்பதற்குப் பதில் சொல்கிறேன். பயணிகள் எங்களிடம் தினமும் கேட்கும் கேள்வி இது.

மேல்தளத்தில் நின்று பார்த்தால் உங்களுக்குக் காற்றும் நுரையும்தான் தெரியும். எங்களைத் தடுப்பது பெரும்பாலும் ஸ்வெல். எங்கோ தூரத்தில் அடித்த புயல் அனுப்பும் நீண்ட அலை. மேலே நுரையே இருக்காது, தண்ணீர் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். நம்ம குமரிக் கரையில் கள்ளக்கடல் வருவது இந்த வகைதான். பெரிய கப்பல் அதற்கு அவ்வளவாக அசையாது. பக்கத்தில் நிற்கும் படகு ஒரு மீட்டர் ஏறி ஒரு மீட்டர் இறங்கும். அந்த இடைவெளியில் ஒருவர் கால் மாட்டினால் எலும்பு மிஞ்சாது. அதனால்தான் கேப்டன் வேண்டாம் என்கிறார். அதைச் சொல்ல அவருக்கும் மனசு இருக்காது.

முடிந்தவரை நாங்கள் விடப் பார்ப்போம். கப்பலைத் திருப்பி நிறுத்தி, ஒரு பக்கத்துக்குக் காற்று மறைவு உண்டாக்கி, அந்தப் பக்கத்து வாசலைத் திறப்போம். ஒரு படகை ஆளில்லாமல் இறக்கித் துறைவரை ஓட்டிப் பார்ப்போம். அறிவிப்பு தாமதமாக வருவதற்குக் காரணம் அதுதான்.

கப்பலின் சொந்த டெண்டர் பெரும்பாலும் ஆபத்து நேரத்து உயிர்காக்கும் படகுதான். உயிர்காக்கும் படகுக்குப் பொதுவாக 150 பேர் உச்சம். டெண்டராக ஓட்டும்போது அதைவிடக் குறைவாகவே ஏற்றுவோம். உள்ளே கழிப்பறை கிடையாது, புழுக்கமாக இருக்கும். வாந்தி வருபவர்கள் மூக்குப் பக்கம் உட்காராதீர்கள். நடுவிலோ பின்னாலோ, வெளியே பார்க்க முடிகிற இடமாக உட்காருங்கள்.

ஏறி இறங்கும்போது கை காலியாக இருக்க வேண்டும். போன், தண்ணீர் பாட்டில், கைக்குழந்தை எதுவும் கையில் வேண்டாம். குழந்தையை எங்களிடம் கொடுங்கள், நாங்கள் மாற்றிக் கொடுப்போம். கைகுலுக்குகிற மாதிரி விரல்களை நீட்டாதீர்கள், ஈரத்தில் நழுவும். நான் உங்கள் மணிக்கட்டுக்கு மேலே பிடிப்பேன், நீங்களும் என் மணிக்கட்டுக்கு மேலே பிடியுங்கள். படகு மேலே எழுந்து ஒரு நொடி நிற்கும், அப்போதுதான் "இப்போ" என்போம். சொன்னால் உடனே கால் வையுங்கள். பாதி வைத்துவிட்டுத் தயங்குவதுதான் ஆபத்து. தங்கச்சியின் அம்மா செய்தது மிகச் சரி.

டல்லாஸ் வாசகர்:

கரீபியன் பக்கம் போகிறவர்களுக்கு. கிராண்ட் கேமனில் க்ரூஸ் கப்பல் கட்டும் துறையே கிடையாது. கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள், வேண்டாம் என்றே முடிவு வந்தது. ஆக இனியும் டெண்டர்தான். ஜார்ஜ் டவுன் பக்கம் கடல் சரியில்லை என்றால் தெற்குக் கரையில் ஸ்பாட்ஸ் என்ற இடத்தில் இறக்குவார்கள். தனியாரிடம் டூர் பேசியிருந்தால் உங்களைக் கூப்பிட வரும் வண்டி எங்கே நிற்கும் என்று அப்போதே போன் செய்து கேளுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது கடிகாரம் பற்றி. கோடையில் மயாமியில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைத்திருப்பார்கள். கேமனில் தள்ளுவதில்லை. மயாமியிலிருந்து வரும் கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால், கப்பலில் 4 மணி ஆகும்போது கரையில் 3 மணி. உங்கள் போன் கரை நேரத்துக்குத் தானாக மாறிவிடும். கடைசி டெண்டர் 3.30 என்று எழுதியிருந்த நாளில், ஒரு தம்பதி போனில் 2.40 பார்த்துக்கொண்டு சாவகாசமாக நடந்து வந்தார்கள். துறையில் கப்பல் ஊழியர்கள் தண்ணீர் மேசையையும் கூடாரத்தையும் மடித்துக்கொண்டிருந்தார்கள். ஊழியர்களை ஏற்றிப்போக நின்ற படகில் அவர்களையும் ஏற்றிக்கொண்டதால் தப்பித்தார்கள். பத்து நிமிடம் போயிருந்தால் அந்தப் படகும் இல்லை. அந்த அம்மா அழுதே விட்டார். என் மாமனார் மாமியாருக்கு நான் சாதாரணக் கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டு, கப்பல் நேரம் வைத்துக் கொடுத்தேன்.

பெலீஸ் போகிறவர்கள் படகுப் பயணத்துக்கே 20 நிமிடத்துக்கு மேல் ஒதுக்குங்கள். பவளப்பாறைத் திட்டு, ஆழம் கம்மி, கப்பல் வெகு தூரத்தில் நிற்கும்.

ஈசூன் அம்மா:

சிங்கப்பூரிலிருந்து புக்கெட் போகிறவர்களுக்கு ஒரு வரி. பத்தோங் கடற்கரைக்கு முன்னால் கப்பல் நின்றால் டெண்டர், மணலை ஒட்டி மிதவை போட்டு இறக்குவார்கள். ஜூன் பள்ளி விடுமுறையில் அங்கே தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம், பத்தோங் மேற்கே பார்த்த கரை. மாமியாரைக் கூட்டிப்போவதற்காகவே நாங்கள் டிசம்பருக்கு மாற்றினோம். கடல் தட்டையாக இருந்தது, மாமியார் யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார்.

சேலத்துப் பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. மாலுமி அண்ணா, இரண்டு கேள்வி. வீல்சேரில் இருப்பவர்களை டெண்டரில் விடுவார்களா? கடைசிப் படகைத் தவறவிட்டால் உண்மையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்களா?

முத்துநகர் மாலுமி:

வீல்சேர் கப்பலுக்குக் கப்பல் மாறும், தங்கச்சி. பெரும்பாலான கப்பல்களில் மடிக்கிற வீல்சேரைத் தனியாக ஏற்றுவோம். உட்கார்ந்திருப்பவர் எழுந்து சில படி இறங்கி, அந்த இடைவெளியைத் தாண்டத் தெரிந்திருக்க வேண்டும். ஆளோடு சேர்த்துத் தூக்க மாட்டோம். மோட்டார் வீல்சேரின் எடைக்குப் பல கப்பல்களில் அனுமதி இல்லை. சில கப்பல்களில் லிஃப்ட் வசதி உண்டு, டிக்கெட் எடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காலையில் விட்டதால் சாயங்காலமும் அதே கடல் இருக்கும் என்று எண்ணாதீர்கள். அலை ஏறும் என்று தெரிந்தால் நாங்களே காலையில் மறுத்துவிடுவோம், கோபப்படாதீர்கள்.

விட்டுவிட்டுப் போவோமா? போவோம். கப்பல் நடத்தும் டூரில் இருப்பவர்களுக்குக் காத்திருப்போம், தனியாகப் போனவர்களுக்குக் கொஞ்ச நேரம்தான் பார்ப்போம். வாசலில் அட்டையைக் காட்டித்தானே போகிறீர்கள், யார் வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். கேபின் பெட்டகத்தில் பாஸ்போர்ட் இருந்தால் எடுத்துத் துறைமுக ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம். அந்த ஏஜென்ட் போன் நம்பர் தினமும் கேபினுக்கு வரும் தாளில் இருக்கும், கரைக்குப் போகுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவை மறுபடி கிரீஸ் கூட்டிப்போவதாக இருந்தால் ரோட்ஸ், ஹெராக்லியான், கோர்ஃபு வருகிற பயணமாகப் பாருங்கள். அங்கெல்லாம் கப்பல் துறையிலேயே கட்டும், பாலத்தில் நடந்தே இறங்கலாம். மிக்கோனோஸ் மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள், துறையில் இடம் நிரம்பிவிட்டால் அங்கேயும் டெண்டர்தான்.