மறு: ‘ஷெட்யூலிங்’ – அட்டவணையா, ஒதுக்கீடா, முறைவைப்பா?

அன்பர்களுக்கு வணக்கம்.

வலை இடைமுகங்களைப் பற்றிப் பேசும்போது வரும் ‘ஷெட்யூலிங்’ (scheduling; காத்திருக்கும் பணிகளுள் எதை எப்போது ஓட்டுவது என்று தீர்மானித்தல்) என்னும் சொல்லுக்கு இதுவரை அட்டவணைப்படுத்தல், நேர ஒதுக்கீடு, வரிசைப்படுத்தல் என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றும் நல்ல தமிழ்ச் சொற்களே. ஆயினும் உலாவிக்குள் நடப்பதை இவற்றுள் எதுவும் சரியாகக் காட்டவில்லை என்று கருதுகிறேன். முகப்பு நிரலாக்கத்தில் (வலைப்பக்கத்தில் பயனர் காணும் பகுதியை எழுதுவதில்) நாள்தோறும் இந்த வேலையோடுதான் மல்லுக்கட்டுகிறேன் என்பதால், சொல்லுக்குப் போகுமுன் பொருளைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

ஒரு வலைப்பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல், நிறம், எழுத்துரு போன்றவற்றைத் தீர்மானிக்கும் பாணிக் கணக்கீடு, எது எங்கே அமரும் என்று கணிக்கும் தளவமைப்பு, பயனர் விசையை அழுத்தினால் தரவேண்டிய மறுமொழி ஆகிய யாவும் முதன்மை இழை (main thread) என்னும் ஒரே இழையில், அதாவது ஒரே செயலோட்டத்தில், ஒன்றன்பின் ஒன்றாகவே ஓடுகின்றன. திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுமானால், ஒரு சட்டகத்துக்கு, அதாவது திரையை ஒரு தடவை வரைய, கிடைக்கும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. தேடல் பெட்டி ஒன்றில் பயனர் ஓர் எழுத்தைத் தட்டியவுடன் எட்டாயிரம் வரிகள் கொண்ட பட்டியலை வடிகட்டிக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வடிகட்டும் வேலை தொடங்கிவிட்டால் அது முடியும்வரை வேறெதுவும் இடையில் நுழைய இயலாது. எனவே இரண்டாவது எழுத்து தட்டப்பட்ட பின்னும் திரையில் தோன்றாமல் காத்துக் கிடக்கும். 50 மில்லிநொடியைத் தாண்டும் இத்தகைய பணியை நெடும்பணி என்று கணக்கிடுகிறார்கள். பயனரின் செயலுக்கும் அதன் விளைவு திரையில் வரையப்படுவதற்கும் இடைப்பட்ட காலத்தைக் கூகுள் 2024 மார்ச் முதல் தன் முதன்மைத் தர அளவைகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அது 200 மில்லிநொடிக்குள் இருந்தால் நன்று. ஆகவே நமக்குத் தேவைப்படும் சொல், ஒரே இழைக்காகக் காத்திருக்கும் பல பணிகளுள் எதற்கு இப்போது வாய்ப்பு, எது பொறுக்கலாம் என்று தீர்மானிக்கும் செயலைக் குறிக்க வேண்டும்.

அட்டவணை என்றால் இன்ன வேளைக்கு இன்ன வேலை என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. பயனர் எப்போது விசையைத் தட்டுவார் என்பது யாருக்கும் தெரியாத இடத்தில் அட்டவணைக்கு இடமேது? ஒரு பணியைச் சற்று நேரம் கழித்து ஓட்டச் சொல்லும் ‘செட்டைம்அவுட்’ (setTimeout) கட்டளை நேரம் குறித்துத்தானே அழைக்கிறது என்று கேட்கலாம். அதில் தரப்படும் எண், அதற்கு முன்னால் ஓடாதே என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த நொடியில் ஓடியே தீரும் என்ற உறுதியை அது தருவதில்லை. சுழியம் என்று கொடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக அழைத்துக்கொண்டே போனாலும், ஐந்தாறு அடுக்குக்குப் பின் உலாவி குறைந்தது 4 மில்லிநொடி தாமதத்தைத் தானாகவே சேர்த்துவிடும்.

நேர ஒதுக்கீடு என்னும் சொல் இயங்குதளத்துக்குப் பொருந்தும். அங்கே தரப்பட்ட கால அளவு தீர்ந்தவுடன் கணினியின் மையச் செயலகத்தைப் பறித்து அடுத்த நிரலுக்குக் கொடுக்க ஒரு மேலாளர் இருக்கிறார். ஓடிக்கொண்டிருக்கும் பணியை நடுவில் நிறுத்தி அடுத்ததை ஓட்டும் ஏற்பாடு உலாவியின் முதன்மை இழையில் இல்லை. பணி தானாக முன்வந்து விலகினால்தான் உண்டு. வலை இடைமுகங்களை எழுதப் பயன்படும் ரியாக்ட் (React) என்னும் நிரலகத்தின், 2017இல் வெளிவந்த 16ஆம் பதிப்பு, திரையைப் புதுப்பிக்கும் வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும்படி உள்ளமைப்பை மாற்றிக்கொண்டது. 2022இல் வந்த 18ஆம் பதிப்பு அந்த வசதியை நிரலாளர் கையில் கொடுத்தது. அதன் உள்ளே இருக்கும் ஏற்பாடுகூட ஏறத்தாழ 5 மில்லிநொடி உழைத்தபின், விலக வேண்டுமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறதே தவிர, அதைப் பிடித்து நிறுத்துவார் எவருமில்லை. பறிக்க ஆளில்லாத இடத்தில் ஒதுக்கீடு என்று சொல்வது பொருந்தாது.

வரிசைப்படுத்தல் ஏற்கெனவே ஏறுவரிசை, இறங்குவரிசைக்கு நிலைபெற்றுவிட்டது என்பது ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. உலாவிக்குள் வரிசையும் இருக்கிறது, வேறொன்றும் இருக்கிறது. ஹெச்டிஎம்எல் தரநிலையின்படி பணிகளுக்குப் பல வரிசைகள் இருக்கலாம். ஒவ்வொரு வரிசைக்குள்ளும் வந்த ஒழுங்கு காக்கப்படும். ஆனால் அடுத்து எந்த வரிசையிலிருந்து எடுப்பது என்பது உலாவியின் விருப்பம். எது முந்தி வந்தது என்பதை வரிசை காட்டுகிறது. இப்போது யாருக்கு வாய்ப்பு என்பதைத் தமிழில் நாம் என்னவென்று சொல்கிறோம்? ‘யார் முறை’ என்றுதான் கேட்கிறோம். ‘என் முறை வரட்டும்’ என்றுதான் காத்திருக்கிறோம்.

எனவே முறைவைப்பு என்னும் சொல்லை முன்வைக்கிறேன். இது புதிதாகச் செதுக்கிய சொல் அன்று; ஒரே வாய்க்கால் நீரைப் பல வயல்களுக்கு மாற்றி மாற்றி விடுவதை ‘முறைவைத்துப் பாய்ச்சுதல்’ என்றே சொல்லி வருகிறோம். அந்தச் சொல்லாட்சியில் வாய்க்கால் ஒன்று, கேட்போர் பலர், பயிர் வாடுகிற வயலுக்கு முந்தி விடலாம் என்னும் மூன்றும் அடங்கியுள்ளன. முதன்மை இழையின் நிலையும் அதுவே. ‘போஸ்ட்டாஸ்க்’ என்னும் உலாவி வசதி, பயனரைக் காக்க வைப்பவை, பயனர் கண்ணில் படுபவை, பின்னணியில் நடப்பவை எனப் பணிகளை மூன்று முன்னுரிமைகளாகப் பிரிக்கிறது. ‘இந்தப் பணியைப் பின்னணி முன்னுரிமையில் முறைவைக்கவும்’ என்று ஆவணத்தில் எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை. ‘அட்டவணைப்படுத்தவும்’ என்று எழுதியபோது எங்கோ ஒரு நாட்காட்டி நினைவுக்கு வந்தது.

முறை என்னும் சொல் நிரலில் ஒரு செயல்கூறைக் குறிக்கும் மெத்தடுக்கும் (method) ஆளப்படுகிறது என்ற மறுப்பு நியாயமானதே. அதனால்தான் தனித்த முறை வேண்டாம், வைப்பு என்னும் ஈறு கட்டாயம் வேண்டும் என்கிறேன். முறைப்படுத்தல் என்றால் ஒழுங்குக்குக் கொண்டுவருதல் என்று பொருள் விலகிவிடும். சொல்லைச் சுருக்கும் ஆர்வத்தில் யாரேனும் ‘முறைப்பி’ என்று எழுதிவிட்டால் கணினி நம்மை முறைப்பதாக ஆகிவிடும் என்பதையும் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன்.

ஒரு வேர்ச்சொல் நல்லதா என்பதை அதிலிருந்து கிளைக்கும் சொற்களைக் கொண்டே நான் மதிப்பிடுவேன். உயர் முன்னுரிமைப் பணிகள் வந்துகொண்டே இருப்பதால் பின்னணிப் பணி ஓடாமலே கிடக்கும் நிலையை ஆங்கிலத்தில் பட்டினி என்கிறார்கள். நமக்கு ‘முறை கிட்டாமை’ போதும், விளக்கமே வேண்டாம். முறை தவறுதல், முறை மாற்றுதல் ஆகியவையும் அப்படியே வந்து அமர்கின்றன.

இதனோடு சேர்ந்தே தீர்க்க வேண்டியது, ஓடும் பணி தானாக விலகிப் பிற பணிகளுக்கு இடம் தருவதைக் குறிக்கும் ‘யீல்ட்’ (yield). விட்டுக்கொடுத்தல் என்ற பரிந்துரையை ஏற்க இயலவில்லை, ஏனெனில் விட்டுக்கொடுத்தவர் தம் உரிமையை இழந்துவிடுகிறார். வழிவிடல் என்பதே சரி. வழிவிட்டவர் சற்று ஒதுங்கி நின்று, பின் தம் பயணத்தைத் தொடர்கிறார். தொழில்நுட்பத்திலும் இந்த வேறுபாடு உண்மையானது. நெடும்பணியைச் செட்டைம்அவுட் கொண்டு துண்டித்தால், மீதி வேலை வரிசையின் கடைசிக்குப் போய்விடும். 2024இல் குரோம் 129ஆம் பதிப்பில் வந்த ‘ஷெட்யூலர் யீல்ட்’ வழியாக விலகினால், மீதி வேலைக்கு அதே முன்னுரிமையுள்ள புதிய பணிகளுக்கு முன்பாகவே முறை கிடைக்கும். பின்னர் கிடைக்கவிருக்கும் விளைவைக் குறிக்கும் ‘பிராமிஸ்’ (promise) நிறைவேறியதும் ஓடும் நுண்பணிகளோ (microtasks) வழிவிடுவதே இல்லை. நுண்பணி வரிசை முழுதும் தீர்ந்த பின்தான் உலாவி திரையை வரையப் போகும். நிரலில் அந்த விளைவுக்காகக் காத்திருக்கச் சொல்லும் ‘அவெய்ட்’ (await) என்று எழுதிவிட்டதால் வழிவிட்டாகிவிட்டது என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். சொல் தெளிவாக இருந்திருந்தால் அந்த மயக்கம் சற்று முன்பே நீங்கியிருக்கும்.

அடுத்தடுத்து வரும் அழைப்புகள் ஓயும்வரை பொறுக்கும் டிபவுன்ஸ் (debounce), அழைப்புகளை இடைவெளி விட்டே அனுமதிக்கும் திராட்டில் (throttle) இரண்டும் முறைவைப்பின் கீழ் வருவன அல்ல. அவை பணி பிறப்பதையே கட்டுப்படுத்துபவை. அவற்றைத் தனி உரையாடலில் பேசுவோம்.

எனக்கே முடிவு தெரியாதவை இரண்டு உள்ளன. ‘ஷெட்யூலருக்கு’ முறைவைப்பி என்பதா, முறைவைப்பான் என்பதா? எனக்கு முன்னதே பிடித்திருக்கிறது. மற்றொன்று, உலாவிக்கு வேலையில்லாத இடைவெளியை ஓய்வு என்பதா, ஒழிவு என்பதா? இழை களைத்துப்போய் இளைப்பாறவில்லை, கை ஒழிந்திருக்கிறது. அதனால் ஒழிவு என்றே எழுதத் தோன்றுகிறது. ஆனால் அச்சொல்லைப் படிப்பவர் அழிவு என்று பொருள்கொள்வாரோ என்ற ஐயமும் இருக்கிறது. இவ்விரண்டிலும் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.