கைக்குழந்தைக்குச் சீனக் கசாயம் ஒரு கரண்டி கொடுக்கலாமா?

ஈப்போ_மீனா:
பிள்ளை பிறந்து 12 நாள். கண்ணில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் தெரிகிறது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி நல்ல மனுஷி, பிரசவம் ஆனதும் இஞ்சியும் கோழியும் கொண்டுவந்து கொடுத்தவர். இன்று ஹுவாங் லியன் வேரும் ஹனிசக்கிள் பூவும் போட்டுக் கசாயம் காய்ச்சித் தந்திருக்கிறார். பிள்ளைக்கு ஒரு கரண்டி, எனக்கு ஒரு கிண்ணம். மஞ்சள் இறங்கிவிடுமாம். ஆஸ்பத்திரிக் கார்டில் பிள்ளைக்கு ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு என்று இருக்கிறது. என்ன செய்ய?

பழைய_டவுன்_மணியம்:
பயப்படாதே தங்கச்சி. டுரியான் தின்று உடம்பு சூடேறினால் நான் போய் நிற்பதே கசாயக் கடையில்தான். 24 சுவைக் கசாயத்தை 40 வருஷமாகக் குடிக்கிறேன். வாங் லாவ் ஜி என்ற பெயர்பெற்ற கசாயக் கடை 1828இல் தொடங்கியது. 2006இல் சீன அரசே குவாங்டோங் கசாய மரபைத் தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. நம் வீட்டில் வசம்பு சுட்டு உரசிக் கொடுக்கவில்லையா? அது போலத்தான் இதுவும்.

மருந்தாளர்_நித்யா:
மீனா, ஒரு சொட்டுகூட வேண்டாம். ஹுவாங் லியனில் பெர்பெரின் என்ற பொருள் இருக்கிறது. சிவப்பணு உடைவதால் வரும் மஞ்சள் நிறப் பிலிருபின் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகும். பெர்பெரின் அதை அங்கிருந்து தள்ளிவிடும். கழன்ற பிலிருபின் பச்சைக் குழந்தையின் மூளைக்குள் போனால் அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது. ஜி6பிடி குறைந்த பிள்ளைக்குச் சிவப்பணு சுலபமாக உடைவதால் பிலிருபினும் வேகமாக ஏறும். சிங்கப்பூர் 1978இல் பெர்பெரினைத் தடை செய்ததே இதற்காகத்தான். நீங்கள் தாய்ப்பால் கொடுப்பதால் உங்கள் கிண்ணமும் வேண்டாம். கசாயத்தை விடுங்கள், இன்றே கிளினிக்குக்குப் போய் மஞ்சள் அளவைப் பாருங்கள்.

பழைய_டவுன்_மணியம்:
பாதிக் கதையைச் சொல்லாதீர்கள் அம்மா. அதே சிங்கப்பூர் 2013இல் ஹுவாங் லியன் மீதான தடையை எடுத்துவிட்டதே! விஷமாக இருந்தால் எடுப்பார்களா? ஹனிசக்கிளும் ஜி6பிடி பிள்ளைகளின் ரத்தத்தை உடைக்கும் என்கிறார்களே, அதற்கும் உறுதியான ஆதாரம் எங்கே?

மருந்தாளர்_நித்யா:
எடுத்தார்கள், மறுக்கவில்லை. கடையில் விற்கலாம் என்றால் 12 நாள் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று அர்த்தமா ஐயா? சாராயமும்தான் கடையில் விற்கிறது. ஹனிசக்கிள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஆதாரம் பலவீனம்தான். ஆனாலும் ஜி6பிடி வீடுகளுக்குத் தரும் தவிர்ப்புப் பட்டியல்களில் அது இருக்கிறது. ஒரு பூவை விடுவதால் என்ன நஷ்டம்?

கௌலூன்_வாசி:
இரண்டு பேரும் எல்லாவற்றையும் ஒரே குவளையில் ஊற்றுகிறீர்கள். இங்கே ஹாங்காங் தெருக்கடையில் சாமந்திப்பூத் தண்ணீரும் விற்கும், கறுப்பாய்க் கசக்கிற கசாயமும் விற்கும். ஆரோக்கியமான பெரியவர் எப்போதாவது முதலாவதைக் குடிப்பதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. உள்ளே என்ன போட்டார்கள் என்று சொல்லாத கசாயம்தான் பயம். ஹாங்காங் சட்டம் 31 சரக்குகளை நச்சு மிகுந்தவை என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. நம் ஊர் நச்சுக் கிழங்கான வச்சநாவியின் உறவுக்காரச் செடிகள் அதில் உண்டு. போதுமான நேரம் கொதிக்காவிட்டால் உதடு மரக்கும், பிறகு இதயத்துடிப்பு தாறுமாறாகும். 2017இல் சான் பிரான்சிஸ்கோவில் அந்த நஞ்சு கலந்த மூலிகைத் தேநீர் குடித்து ஒரு பெண் இறந்தார்.

பழைய_டவுன்_மணியம்:
வச்சநாவி சித்த மருந்திலும்தான் இருக்கிறது. சுத்தி செய்தால், அதாவது நஞ்சை முறித்தால், மருந்து.

கௌலூன்_வாசி:
சுத்தி செய்தார்களா என்று குடிக்கிறவருக்கு எப்படித் தெரியும் அண்ணே? என் கேள்வி அதுதான்.

மருந்தாளர்_நித்யா:
மணியம் ஐயா, கோபப்படாமல் சொல்லுங்கள். நீங்கள் தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?

பழைய_டவுன்_மணியம்:
இதய வால்வு மாற்றியதிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின். அப்புறம் பிரஷருக்கு ஒன்று. கசாயம் குடிப்பதை டாக்டரிடம் சொன்னதில்லை, அவர் கேட்டதும் இல்லை.

மருந்தாளர்_நித்யா:
ஐயோ. டாங் குவாய், டான் ஷென் என்ற சீன வேர்கள் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தம் அளவுக்கு மேல் இளகிப்போகும். கசாயத்தில் சர்வசாதாரணமாக விழும் அதிமதுரத்தைத் தொடர்ந்து குடித்தால் பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். உங்கள் கடைக்காரர் அந்த 24இல் என்னென்ன போடுகிறார்?

பழைய_டவுன்_மணியம்:
கேட்டால் சிரிப்பார். குடும்ப ரகசியம். அடுத்த ரத்தப் பரிசோதனை 18ஆம் தேதி. அன்று சொல்லிப் பார்க்கிறேன். அதுவரை குடிக்கவில்லை, போதுமா? ஆனால் மீனா, வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னால் பாட்டி மனம் நோகும்.

கௌலூன்_வாசி:
நோகாது. ஜி6பிடி என்று சொன்னால்தான் புரியாது. கான்டனீஸில் அதற்கு வீட்டுப் பெயரே உண்டு: சாம் தௌ ஜிங். மொச்சை மாதிரி ஒரு பயறு தின்றால் வருகிற நோய் என்று பொருள். ஈப்போ பாட்டிதானே, கான்டனீஸ் பேசுவார். இந்த மூன்று சொல்லைச் சொல்லுங்கள்.

ஈப்போ_மீனா:
கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் இறங்க விளக்கொளியில் வைக்கும் அளவுக்கு இல்லையாம், நாளை மறுபடி வரச் சொன்னார்கள். திரும்பி வந்து பாட்டியிடம் சாம் தௌ ஜிங் என்றேன். மறு பேச்சில்லை, கிண்ணத்தை வாங்கி அவரே தொட்டியில் ஊற்றிவிட்டார். பிறகு நேராக என் அறைக்குள் போய்ப் பிள்ளைத் துணி அலமாரியைத் திறந்து, பாச்சை உருண்டை போட்டிருக்கிறாயா என்று கேட்டார். இந்தக் குறை உள்ள பிள்ளைக்கு அதுவும் ஆகாதாம். போட்டிருந்தேன். இப்போது எல்லாத் துணியையும் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறோம்.