மெய்யா, கிமெய்யா? ஜப்பானிய வாள் அணிகளில் கையெழுத்துப் பார்த்த அனுபவங்கள்

வாள் அணிகளில் (வாளின் பிடியிலும் காப்புத் தகட்டிலும் வரும் உலோக வேலைப்பாட்டுப் பாகங்கள்) செய்தவர் செதுக்கிய கையெழுத்தை ஜப்பானியர் ‘மெய்’ என்பார்கள். போலிக் கையெழுத்து ‘கிமெய்’. நமக்கு மெய் என்றால் உண்மை. அந்தச் சொல்லின் மயக்கத்தில் விழாமல், பெரிய பெயர் எதுவானாலும் போலி என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வாள் அணி செய்த கலைஞர்களில் நோபுயே, கானெயே, யோகோயா சோமின், நாரா என்ற கலைஞர் மரபில் வந்த தொஷினாகா, ஜோஇ, யசுச்சிகா, கடைசியாகக் கானோ நட்சுவோ என்று எந்தப் பெயருக்கு விலை இருந்ததோ அந்தப் பெயரெல்லாம் பொய்யாகவும் வெட்டப்பட்டிருக்கிறது. 1876-இல் வாள் அணிந்து நடமாடத் தடை வந்து, வெளிநாட்டார் வாங்கத் தொடங்கிய பிறகுதான் போலி வந்தது என்று நினைக்க வேண்டாம். எடோ காலத்திலேயே தாராளமாக இருந்தது.

கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் வேலைப்பாடு. ஷாகுதோவில் (செம்பில் சில விழுக்காடு தங்கம் சேர்த்துக் கருமையாக்கிய கலவை) நானாகோ தளம் இருந்தால், அந்த மீன்முட்டைப் புள்ளிகள் விளிம்பு வரை ஒரே அளவில், வரிசை கலையாமல் போகின்றனவா? உருவங்களை ஒட்டிய மூலைகளில்தான் திறமை வெளிப்படும். அங்கே புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால், பின்னால் இருக்கும் பெயரைப் படிக்கும் சிரமமே வேண்டாம்.

⁂

மேலே சொன்னதோடு ட்சுபாவுக்கு (பிடிக்கும் அலகுக்கும் நடுவே வரும் காப்புத் தகடு) மட்டும் ஒரு சேர்க்கை.

வாளின் வால் (பிடிக்குள் மறையும் அடிப்பகுதி) நுழையும் நடுத்துளை நாகாகோ-ஆனா. அதைச் சுற்றிய நீள்வட்டம் செப்பா-தாய். துளையின் கூர்முனை மேலே வரும்படி முன்பக்கத்தைப் பிடித்தால், பெயர் பெரும்பாலும் இடப்புறம் இருக்கும். ஊரும் சேர்ந்திருந்தால் ஊர் வலப்புறம். இந்த இடத்தின்மேல் செப்பா என்ற வளையத் தகடு அழுந்தியே இருக்கும். அதனால் வாளில் ஏறி ஓடிய ட்சுபாவில் கையெழுத்தின் மேல்விளிம்புகள் சற்றே நசுங்கி மழுங்கியிருக்க வேண்டும். உளி ஓடும்போது பள்ளத்தின் இருபுறமும் உலோகம் வரப்புபோல் எழும்பும். தாகானே-மாகுரா என்பது அதுதான். வரப்பு விரலில் நெருடும் அளவுக்குக் கூர்மையாக இருந்து, சுற்றிலும் செப்பா தேய்த்த பளபளப்பும் இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. பெயர் பின்னால் வந்தது.

அதைவிட நம்பகமான சாட்சி ஒன்று உண்டு. வேறொரு வாளுக்கு மாற்றும்போது துளையை இறுக்க அதன் ஓரத்தில் குத்துளியால் அடிப்பார்கள், அல்லது துளையை அரத்தால் அகலப்படுத்துவார்கள். 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: குத்துத்தடம் எழுத்தின் கோட்டை நசுக்கிக்கொண்டு போயிருக்கிறதா, எழுத்தின் கோடு குத்துத்தடத்தைக் கடந்து ஓடுகிறதா? முதலாவதானால் எழுத்து மூத்தது. இரண்டாவதானால் தடம் விழுந்த பிறகுதான் பெயர் வெட்டியிருக்கிறார்கள். அரம் போட்டதில் ஒரு எழுத்தின் ஓரம் அறுந்துபோயிருந்தால் வருத்தப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி. எழுத்துகள் குத்துத்தடங்களுக்கு இடம்விட்டு நெளிந்து உட்கார்ந்திருந்தால் உடனே கீழே வைத்துவிடலாம்.

இவ்வளவும் சொல்வது எழுத்தின் வயதை மட்டும்தான். பழைய போலிக்கும் இதே தேய்மானம் இருக்கும்.

⁂

உளித்தடத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

ஒரு கோடு என்பது ஒரே இழுப்பு அல்ல. சுத்தியல் ஒவ்வொரு முறை விழும்போதும் ஆப்பு வடிவில் ஒரு சிறு வெட்டு; அவை சங்கிலியாகக் கோர்த்ததே கோடு. அசல் கைக்குச் சொந்தப் பெயர் ஆயிரம் முறை வெட்டிய பழக்கம். ஆப்புகளின் இடைவெளி சீராக இருக்கும், வளைவில் வேகம் குறையாது, கோடு முடியுமிடத்தில் உளி ஒரே மாதிரி எழும்பும். போலிக்காரர் வடிவத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டுவதால் வளைவில் ஆப்புகள் நெருங்கிக் குவியும், சில இடத்தில் திருத்தி இரண்டாம் முறை வெட்டிய இரட்டைக் கரை தெரியும். ஒப்பிடும்போது எழுத்தின் உருவத்தை மட்டும் பார்க்காதீர்கள். உருவம் நகலெடுக்க எளிது. ஆழம், ஆப்பின் திசை, எழுத்துகளுக்கு நடுவே விட்ட வெளி, இந்த மூன்றையும் சான்றிதழ் பெற்ற குறைந்தது நான்கைந்து மாதிரிகளோடு வையுங்கள். அதுவும் அந்தக் கலைஞரின் அதே பருவத்தில் செய்தவையாக இருக்கட்டும். காஓ என்ற முத்திரைக் கையொப்பம் சேர்ந்திருந்தால் அதைத் தனியாக ஒப்பிடுங்கள். பல போலிகள் பெயரில் தேறி அங்கேதான் தடுமாறுகின்றன.

பள்ளத்தின் அடியும் முக்கியம். ஷாகுதோவில் அடிவரை அதே கருமை இருக்க வேண்டும், செம்புச் சிவப்பு எட்டிப்பார்த்தால் வெட்டு புதிது. கருமை இருப்பதாலேயே பழையது என்றும் ஆகாது, மறுபடியும் நிறமேற்ற முடியும். இரும்பில் பள்ளத்துக்குள் மட்டும் ஆரஞ்சு நிறத் துரு பொடியாக நின்றால் அது ஊட்டிய துரு. எழுத்தோரங்கள் சோப்பில் அழுத்தியதுபோல் வழவழவென உருண்டு, ஆப்பும் இல்லை, வரப்பும் இல்லை என்றால் அது வார்ப்பு. வெட்டிய கையெழுத்தே அல்ல.

⁂

தலைமுறை தலைமுறையாக வாள் அணி செய்த கோதோ குடும்பத்துப் பொருள்களில் அடிக்கடி நடக்கும் தவறு, பின்னால் வந்தவர் தீர்ப்பாக வெட்டிய பெயரைச் செய்தவரின் கையெழுத்தாக எடுத்துக்கொள்வது. முதல் தலைமுறை யூஜோ (1440–1512) தன் வேலையில் பெயர் வெட்டும் வழக்கம் உள்ளவர் அல்ல. கொசுகாவின் (சிறு கத்தியின் பிடி) பின்புறத்தில் யூஜோ பெயரும், அதனோடு மிட்சுதாகா என்ற பெயரும் காஓவும் இருந்தால், ‘இந்த உருவம் யூஜோவுடையது’ என்று பதின்மூன்றாம் தலைமுறை மிட்சுதாகா தீர்ப்புச் சொல்லி வெட்டியது என்று பொருள். இதற்குக் கிவாமெ-மெய் என்று பெயர். பழைய உருவத்தைப் பிற்காலத் தகட்டில் பதித்திருப்பார்கள். எனவே தேட வேண்டியது யூஜோவின் கையை அல்ல, மிட்சுதாகாவின் கையை.

சோதென் என்ற பெயரும் அப்படித்தான். ‘ஹிகோனே வாசி சோஹெய்ஷி நியூதோ சோதென்’ என்ற நீளக் கையெழுத்து, போர்வீரர்கள் நெருக்கியடிக்கும் குடைவு ட்சுபாக்களில் எண்ணிக்கையின்றிக் கிடைக்கிறது. அந்தப் பட்டறையைச் சேராதவர்களும் அதே பாணியில் செய்து அதே பெயரை வெட்டினார்கள். அதைப் பாணியின் பெயராக எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். ஆசிரியரின் அனுமதியோடு மாணவர் வெட்டும் தாய்மெய்யைப் போலியோடு சேர்க்காதீர்கள். யசுச்சிகா என்ற பெயரும் ஒருவருக்கு மட்டும் உரியதன்று, பல தலைமுறையாக வந்தது. முதல்வர் (1670–1744) பிற்காலத்தில் தோஉ என்றும் வெட்டினார்.

⁂

படம் அனுப்பிக் கருத்துக் கேட்பவர்கள் தயவுசெய்து ஃபிளாஷ் போடாதீர்கள். ஒரே விளக்கை இடப்பக்கத்திலிருந்து தாழ்வாக ஒரு முறை, மேற்பக்கத்திலிருந்து ஒரு முறை. ஃபுச்சியானால் (பிடியின் வாய்ப்பூண்) கழற்றி, தென்ஜோகானே என்ற செம்புத் தகட்டை நேராக எடுங்கள், பெயர் அங்கேதான் இருக்கும். படத்துக்காகப் பாலிஷ் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். நிறப்படலம் போனால் பார்ப்பதற்கே ஒன்றும் மிஞ்சாது.

முடிவான தீர்ப்பு வேண்டுமென்றால் பொருள் டோக்கியோவுக்குப் போக வேண்டும். 1948-இல் தொடங்கிய நிஹோன் பிஜுட்சு தோக்கென் ஹோசோன் கியோகாய் (ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம்) ஹோசோன், தோகுபெட்சு ஹோசோன், ஜூயோ, தோகுபெட்சு ஜூயோ என்று படிப்படியாகச் சான்றிதழ் தருகிறது. பொருள் இந்தச் சான்றிதழ்க் காகிதத்தோடு விற்பனைக்கு வந்தால், அதிலுள்ள படத்தின் குத்துத்தடங்களும் கீறல்களும் கையிலுள்ள பொருளோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். காகிதம் வேறு துண்டுக்கு மாறுவதுண்டு. தலைமுறை குறிப்பிடாத காகிதத்தை முதல் தலைமுறைக்கான காகிதமாக விற்பதும் உண்டு.

போலி எழுத்தைத் தேய்த்துவிட்டு, கையெழுத்தில்லாத ‘முமெய்’ என்று சான்றிதழுக்கு மறுபடியும் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பெயரில்லாத ட்சுபாவையும் சாய்வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். துளையின் இடப்புறத்தையும் வலப்புறத்தையும் வெர்னியரில் அளந்து, இடப்புறம் மட்டும் மெலிந்து குழிந்திருந்தால் அங்கே ஒரு பெயர் இருந்திருக்கலாம்.