புது கோச் வந்த பிறகு தங்கச்சி ஆளே மாறிட்டா, வழி சொல்லுங்க

தங்கச்சி காலேஜ் டீம்ல நெடுந்தூர ஓட்டம் ஓடறா. நடு சீசன்ல பழைய கோச் போய், புதுசா ஒருத்தர் வந்தார். வாராவாரம் எல்லார் முன்னாடியும் எடை பார்த்து நோட்டுல எழுதறாராம். அதுக்கு முந்தின ராத்திரி இவ தண்ணிகூடக் குடிக்கறதில்ல. மூணு மாசமா பீரியட்ஸ் வரல. கணுக்காலுக்கு மேல எலும்புல விரல் வச்சாலே துடிக்கறா.

பயிற்சிக்கு ஏத்த சாப்பாடு இல்லாம உடம்பு தேய்ஞ்சா இப்படி ஆகும். 2014லயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதுக்கு ரெட்-எஸ்னு பேர் வச்சிருக்கு. நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.

ஆனா "யார்கிட்டயும் சொல்லாதக்கா, டீம்ல இருந்து தூக்கிடுவாங்க"ன்னு அழறா. அவ இடம் போகாம இதை நிர்வாகத்துகிட்ட எப்படிக் கொண்டுபோறது? டீம் பொண்ணுங்க எல்லாரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தா எடுபடுமா? இதைக் கடந்து வந்த வீராங்கனைகள், கோச்சுகள் யாராவது இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க.